நாணம் யாருக்கு உரியது?

பெண்ணின் எழுத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேசி முடிப்பது நம்மிடையே புதிய வழக்கமன்று. 1910-இல் சென்னையில் வெளிவந்த ஒரு தெலுங்கு நூலைச் சுற்றி எழுந்த சர்ச்சையைப் படிக்கையில், வாதங்களின் வரிசைகூட இன்றுவரை மாறவில்லை என்றே தோன்றுகிறது.

நூலின் பெயர் 'ராதிகா சாந்த்வனமு'. இயற்றிய முத்துப்பழனி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் (1739–1763) அவையில் விளங்கிய கணிகை. கண்ணன் இளையை மணந்தபின் ராதை கொள்ளும் ஊடலும் அவன் அதைத் தணிவிப்பதுமே கதை. பெண்ணின் வேட்கையை ஒளிக்காமல் சொல்லும் காவியம் அது.

தெலுங்குக் கவிஞர்களின் வரலாற்றை எழுதிய கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு, முத்துப்பழனியின் புலமையை ஒப்புக்கொண்டார். கூடவே, பெண் வாயில் வரத்தகாதவற்றைப் பாடியவள், ஒழுக்கங்கெட்டவள் என்றும் தீர்ப்பளித்தார். 1881-இல் ராஜமுந்திரியில் எதிர்ப்புகளுக்கிடையே கைம்பெண் மறுமணம் நடத்திவைத்த அதே வீரேசலிங்கம்தான்! பெண்ணுக்காகப் பேசுவது அவருக்கு எளிதாயிருந்தது; பெண் பேசுவதைக் கேட்பது எளிதாயில்லை.

இதற்கு மறுமொழி சொன்னவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவராகவே அவரை நாம் அறிவோம். 1887-இல் வந்த அச்சுப் பதிப்பில் பாடல்கள் நீக்கப்பட்டிருப்பதைக் கண்டு, கையெழுத்துப் பிரதியைத் தேடிப்பெற்று, முழு நூலையும் வாவிள்ள பதிப்பகத்தார் வழியே வெளியிட்டார். முன்னுரையில் அவர் எழுப்பிய கேள்வி நேரானது: நாணம் பெண்ணுக்கு மட்டுந்தானா, ஆணுக்கு வேண்டாமா? பந்துலு தாமே பரிசோதித்து அச்சுக்குத் தந்த 'வைஜயந்தி விலாசமு' மட்டும் எப்படித் தகும் என்றும் கேட்டார். நாணமே தேவையில்லை என அவர் வாதிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அளவுகோல் இருபாலார்க்கும் ஒன்றாக இருக்கட்டும் என்பதே அவர் நிலை. எதிராளியின் தராசிலேயே எதிராளியை நிறுத்த அவருக்குத் தெரிந்திருந்தது. (இசைக் கலைஞர்களின் தர்க்கத் திறனை நம் இலக்கிய வரலாறுகள் ஏனோ பேசுவதேயில்லை.)

அக்கேள்விக்கு விடை வரவில்லை, காவல்துறை வந்தது. நூல் ஆபாசமானது என்று பத்திரிகையில் கண்டனம் எழ, அரசு படிகளைப் பறிமுதல் செய்தது. பண்டிதர்கள் சிலர் நூலுக்கு ஆதரவாகக் கையொப்பமிட்டும் பயனில்லை. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாண முதல்வரான பிறகே தடை நீங்கிற்று.

1952-இல் நூல் மீண்டும் அச்சேறியது. நாகரத்தினம்மாள் மறைந்ததும் அவ்வாண்டில்தான்.