திலோனியா வெறுங்கால் கல்லூரி

ராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்டத்தின் திலோனியா கிராமத்தில் இயங்கும் பயிற்சி நிறுவனம். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களைச் சூரிய மின்பொறியாளர்களாக உருவாக்கியதால் உலகப் புகழ் பெற்றது.

தோற்றம்

பங்கர் ராய் என்று அறியப்படும் சஞ்சித் ராய், 1972-இல் சமூகப்பணி ஆய்வு மையம் என்ற பெயரில் இதைத் தொடங்கினார். காந்தியச் சிந்தனையே இதன் அடித்தளம். குடிநீர்ப் பணியில் தொடங்கி, பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கான இரவுப் பள்ளி, கைவினைத் தொழில், சூரிய மின்சாரம் எனப் பணி விரிந்தது. ஆண்களின் வேலை என்று கருதப்பட்ட கைப்பம்பு பழுதுபார்ப்பை இங்கே பெண்களும் கற்றார்கள்.

பயிற்சி முறை

சூரிய மின்பயிற்சி ஆறு மாதம் நடக்கும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் பொதுமொழி கிடையாது. சைகை, நிறம், எண், திரும்பத் திரும்பச் செய்து பழகுதல் ஆகியவையே பாடமொழி. மின்தடையின் மேல் பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்ற வரிசையில் வளையங்கள் இருந்தால் அதன் மதிப்பு 1,000 ஓம். நிறமே எழுத்தாக நிற்பதால் அகரம் அறியாதவரும் அதைப் படித்துவிடலாம். இப்படிப் பழகியே மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்கவும், விளக்கு செய்யவும், பழுது நீக்கவும் தேர்ச்சி பெறுகிறார்கள்.

நடுத்தர வயதுத் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் முன்னுரிமை உண்டு. சான்றிதழ் கையில் வந்ததும் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விடுவார்கள்; பேரன் பேத்தியோடு வாழும் பாட்டி ஊரிலேயே இருப்பார், கற்ற தொழிலும் ஊரோடு தங்கும் என்பது ராயின் வாதம். அதனால் இங்கே சான்றிதழ் வழங்கும் வழக்கமே இல்லை.

பயிற்சிக்குப் பின்

ஊர் திரும்பும் பெண் வீடுகளில் சூரிய விளக்கு அமைத்துப் பராமரிக்கிறார். ஊர்க்குழு வீடுதோறும் மாதக் கட்டணம் வசூலித்து அவருக்கு ஊதியம் தருகிறது. மண்ணெண்ணெய்க்குச் செலவழித்த காசு இப்போது ஊர்ப்பெண் ஒருத்தியின் சம்பளமாகிறது. வெளிநாட்டுப் பெண்களின் பயிற்சிக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ஐடெக் எனும் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம் துணைநிற்கிறது. ஜோர்டானியப் பெண் ஒருவர் இங்கு வந்து பயின்ற கதை 2012-இல் ஆவணப்படமாகவும் வெளியானது.

மதிப்பீடு

முதியோர் கல்வி என்றாலே கையெழுத்துப் போடக் கற்பிப்பது என்ற எண்ணத்தைத் திலோனியா மாற்றியது. எழுத்தறிவு வேண்டியதே. ஆனால் அது வரும்வரை ஒரு பெண்ணின் கைத்திறனைக் காத்திருக்க வைப்பது அநீதி. படிக்காதவள் என்று ஒதுக்கப்பட்டவளே ஊருக்கு விளக்கேற்ற முடியும் என்பதற்குத் திலோனியா சான்று.