பவளக் கல்லில் ஒரு நாட்காட்டி

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல்தான் நம் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப் போவது அதைப் பற்றியன்று. வெப்பக் கடல்களில் பவளத் திட்டுகளைக் கட்டி எழுப்பும் போரைட்டீஸ் என்னும் கல் பவளத்தைப் பற்றியது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் கடலிலும் இது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. பார்வைக்குப் பெரிய உருண்டைப் பாறை. ஆனால் அதன் மேற்பரப்பில் மெல்லிய படலமாக மட்டுமே உயிர் இருக்கிறது. அப்படலத்தில் நெருங்கி வாழும் பாலிப்புகள் ஒன்றரை மில்லிமீட்டர் அகலங்கூட இல்லாதவை. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கு அடியில் படிய வைத்து, அதன்மேல் தாமே உயர்ந்து கொண்டு போகின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்ச்சி. உடலுக்குள் குடியிருக்கும் ஒருசெல் பாசிகளே இவற்றுக்குப் பெரும்பகுதி உணவை ஆக்கித் தருகின்றன. பாசிக்கு வெயில் வேண்டுமாதலால், வெளிச்சம் புகும் ஆழமற்ற நீரே இவற்றின் இருப்பிடம்.

மரத்தை அறுத்து வளையங்களை எண்ணி அதன் வயதைச் சொல்கிறோம். பவளத்திலும் அப்படி எண்ண முடியுமா? 1963இல் அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் ஜான் வெல்ஸ், சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து அழிந்த வேறு வகைப் பவளங்களின் புதைபடிவங்களை ஆராய்ந்தார். ஓராண்டு வளர்ச்சி எனத் தோன்றிய பகுதியில் சுமார் 400 நுண்ணிய கோடுகள் இருந்தன. கோட்டுக்கு ஒரு நாள் என்றால், அக்காலத்தில் ஆண்டுக்கு 400 நாள். ஒரு நாளுக்கு 22 மணி நேரமே! பூமியின் சுழற்சி மெல்லக் குறைந்து வருகிறது என்று வானியலார் சொல்லி வந்ததோடு இது பொருந்தியது. ஆயினும் ஓராண்டு வளர்ச்சி என்று கொண்டது உண்மையில் ஓராண்டுதானா? பக்கத்தில் இருந்து பார்த்தவர் எவருமில்லையே.

இதற்கு விடை, யாரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்தது.

பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்தது எனிவெட்டாக் என்னும் வளையப் பவளத் தீவு. 1947 டிசம்பரில் அமெரிக்க அரசு அங்கு வாழ்ந்த மக்களை வேறு தீவுக்குக் குடிபெயர்த்தது. 1948 முதல் 1958 வரை அங்கே 43 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. 1952 நவம்பர் 1ஆம் நாள் வெடித்த ஹைட்ரஜன் குண்டில் எலுகெலாப் என்ற சிறு தீவு இருந்த இடமே தெரியாமற் போயிற்று. அந்த நாட்களிலும், அருகில் தப்பிப் பிழைத்த பவளங்கள் சுண்ணாம்பைப் படிய வைத்துக்கொண்டே இருந்தன. நீரில் கலந்த கதிரியக்கப் பொருளும் அதோடு சேர்ந்து கல்லாயிற்று.

நட்சன், பட்மையர், ஸ்மித் என்னும் மூவர் இப்பவளங்களை மெல்லிய பலகைகளாக அறுத்து எக்ஸ்ரே படம் எடுத்தனர். அடர்ந்த பட்டையும் அடர்வு குறைந்த பட்டையும் மாறி மாறித் தெரிந்தன. பிறகு, கல்லின் கதிரியக்கமே படச்சுருளில் பதியும்படி செய்தனர். சோதனைகள் நடந்த ஆண்டுகள் அங்கே கோடுகளாக விழுந்தன! ஆண்டு தெரிந்த இரு கோடுகளுக்கு இடையே பட்டைகளை எண்ண வேண்டியதுதான் பாக்கி. அடர்ந்தது ஒன்றும் அடர்வு குறைந்தது ஒன்றும் சேர்ந்தால் ஓராண்டு. இதை 1972இல் வெளியிட்டனர். குண்டுக்கு இப்படியும் ஒரு பயன் என்று மகிழ எனக்கு மனம் வரவில்லை. அத்தீவின் மக்கள் ஊர் திரும்ப 1980 ஆயிற்று.

1984இல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் இஸ்டேல் போரைட்டீஸ் பலகைகளைப் புறஊதா ஒளியில் வைத்துப் பார்த்தார். கரையோரத்துக் கற்களில் ஒளிரும் பட்டைகள் தெரிந்தன. ஆற்று வெள்ளம் கடலில் கலந்த காலங்களின் பதிவு அவை. மழைக்கணக்கு எழுதும் வழக்கம் வருவதற்கு முந்தைய வெள்ளங்களையும் இவ்வாறு அறிய வழி பிறந்தது.

நம் மன்னார் வளைகுடாவிலும் போரைட்டீஸ் உண்டு. பல்லாண்டுகள் அங்கே பவளக் கற்களைப் பெயர்த்து, வள்ளங்களில் ஏற்றி வந்து, சுண்ணாம்புக் காளவாயில் இட்டனர். ஒரு மீட்டர் உயரக் கல் என்றால் சுமார் நூறாண்டுக் கணக்கு. அதுவும் மற்றவற்றோடு வெந்து நீறாயிற்று. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதற்குள் அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. பவளம் வெட்டியது அதற்கு ஒரு காரணம் என்பர்.

இப்போது ஆய்வாளர்கள் கல்லைப் பெயர்ப்பதில்லை. உச்சியிலிருந்து கீழ்நோக்கித் துளையிட்டு, ஒரு தண்டு அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு துளையை அடைத்துவிடுகிறார்கள். நாளடைவில் உயிர்ப்படலம் அந்த அடைப்பின் மேலும் படர்ந்து மூடிவிடுகிறது.