நீண்ட நோயும் இளம் பிராயமும்

சென்னைப் பட்டணம் தனக்கு அச்சமோ அருவருப்போ தருகிற காரியங்களையெல்லாம் வடக்கே தள்ளி வைத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். துறைமுகத்து நிலக்கரி, தண்டையார்பேட்டையின் எண்ணெய்த் தொட்டிகள், கொடுங்கையூரின் குப்பைமேடு, மணலியின் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரின் அனல்மின் புகை என்று நீளும் அந்த வரிசையில் நோயும் ஒன்று. காலராவும், தொண்டை அடைப்பானும், கக்குவான் இருமலும், ரண ஜன்னியும், வெறிநாய்க்கடியும் கண்டவர்களை நகரத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து சேர்த்த இடம், மாநகராட்சி நடத்தி வந்த தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைதான். ஐ.டி. ஆஸ்பத்திரி என்று சொன்னால் அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் விளங்கும்.

அங்கே சேர்க்கப்பட்ட நோய்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. அவை விரைந்து வந்து, விரைந்து முடிபவை. வாந்திபேதி கண்டவன் மூன்று நாளில் பிழைத்து நடந்து போவான், அல்லது அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எப்படியாயினும் அந்தக் கட்டில் அடுத்தவனுக்குக் காலியாகிவிடும். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டியாகத் தொடங்கி, மணியக்காரர் சத்திரமாய் வளர்ந்து, பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக உருவெடுத்த ஸ்தாபனத்திலிருந்து, இந்தியாவிலேயே முதன்முதலாக இயற்றப்பட்ட 1939-ஆம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வரையில், வடசென்னை கண்ட பொதுவைத்திய ஏற்பாடுகள் பெரும்பாலும் இந்த விரைவு நோய்களையும் திடீர் விபத்துகளையும் மனத்தில் கொண்டவை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உடம்பிலே குடியிருக்கும் நோய்க்கு அந்த ஏற்பாட்டில் இடம் குறைவு. அத்தகைய நோய் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றிக்கொண்டால் அந்தப் பிள்ளையை எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு விடையே இல்லாதிருந்தது.

அந்த நோய் இந்நகரத்தில் பெரும்பாலும் சயரோகமாகவே, அதாவது காசநோயாகவே, இருந்தது. ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையே குழந்தைகளை ஓரளவு விட்டுவைக்கும் இந்த நோய், பருவமடையும் காலத்தில் திடுமெனத் தலைதூக்கும். பையன்களைவிடப் பெண்பிள்ளைகளிடம் சற்று முன்னதாகவே தோன்றும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்துத் திரும்புகிற குடும்பம் ஒற்றை அறையில் ஐந்தாறு பேராய்ப் படுத்துறங்கும் வீடுகளிலே, மகன் முதன்முதலாக வேலைக்குப் போகவும் மகளுக்கு வரன் பார்க்கவும் தொடங்குகிற அதே பிராயத்தில் இருமலும் மாலைக் காய்ச்சலும் வந்து சேர்ந்தன. பையன் என்றால் வேலை போயிற்று. பெண் என்றால் நோயின் பெயரே வாசற்படி தாண்டக்கூடாது. அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர், மூலையில் ஒரு பாய். அண்டை வீட்டார் கேட்டால் "சளி பிடித்திருக்கிறது, அக்கா" என்ற ஒரே பதில். இந்த மறைப்பை அறியாமை என்று எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சிகிச்சையே கிட்டாத நாளில், பெண்ணின் எதிர்காலத்தைக் காப்பதற்குத் தாயிடம் இருந்த ஒரே உபாயம் அதுதான்.

சானடோரியம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1928-இல் டாக்டர் சவரி முத்து தாம்பரத்துப் பச்சைமலை அடிவாரத்தில் தொடங்கி, 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட சானடோரியத்தின் புகழ் இன்றைக்கும் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரிலே நிலைத்திருக்கிறது. நல்ல காற்று, பால், முட்டை, பூரண ஓய்வு என்பது அக்கால வைத்திய சித்தாந்தம். ஆனால் நோயாளிகளின் தொகைக்குமுன் கட்டில்களின் தொகை அற்பமானது. 1952-இல் ஐசோனியாசிட் என்னும் மலிவான மாத்திரை வந்த பிறகுதான், கட்டிலே இல்லாமல் சயரோகத்துக்குச் சிகிச்சை செய்ய முடியுமா என்று கேட்கிற துணிவு வைத்தியர்களுக்கு உண்டாயிற்று.

அந்தக் கேள்வியை உலகத்தில் மிகத் தெளிவாகக் கேட்டு விடைகண்ட ஊர் சென்னை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. அதற்குத் தலைமை தாங்க வந்த வாலஸ் பாக்ஸ், இளமையில் தாமே சயரோகம் கண்டு சானடோரியத்தில் கிடந்தவர். ஆகையால் கட்டிலின் நன்மையும் அலுப்பும் அவருக்குப் புத்தக அறிவல்ல. நகரத்தின் வறிய மக்களிலிருந்து, 12 வயதும் அதற்கு மேலும் ஆன 193 நோயாளிகளைத் தெரிந்தெடுத்து, சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறுபாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ். என்பதும்.

பி.ஏ.எஸ். சாமானியமான மருந்தன்று. நாளொன்றுக்குப் பல கிராம் உட்கொள்ள வேண்டும். மெல்லிய மாவு உறையிலே பொதிந்து தருவார்கள். விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, காய்ச்சல் விட்டு, முகம் தெளிந்துவிட்ட ஒரு பதினாறு வயதுப் பையன், இன்னும் பத்து மாதம் இதை ஏன் விழுங்க வேண்டும் என்று கேட்பது இயல்பே. இதை முன்கூட்டியே உணர்ந்துதான், வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போகிற ஏற்பாட்டோடு நிறுத்தாமல், சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் மாதிரியை வாங்கிச் சில துளி பெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார்கள், பி.ஏ.எஸ். உள்ளே போயிருந்தால் அது செவ்வூதாவாக மாறும், போகாவிட்டால் மாறாது. இதை வேவு பார்ப்பது என்று சொல்லலாம். ஒரு வகையில் அது உண்மையும்கூட. ஆனால் சயரோகி என்று தெரிந்த வீட்டு வாசலை மிதிக்க உறவினரே தயங்கிய காலத்தில், தவறாமல் கதவைத் தட்டி, உள்ளே வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போன அந்நியர் ஒருவர் இருந்தார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1959-இல் முடிவுகள் வெளிவந்தன. ஓராண்டின் முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் நூற்றுக்கு 86 பேர், சானடோரியத்தில் 92 பேர். சானடோரியத்தார் நல்ல உணவு உண்டு அதிகமாக எடை ஏறினார்கள். வீட்டிலிருந்தவர்கள் கூழும் சோறும் உண்டு, வீட்டு வேலையும் கூலி வேலையும் பார்த்துக்கொண்டே ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். அதைவிட முக்கியமென்று நான் கருதுவது அடுத்த ஆண்டு வெளியான முடிவு. நிலையத்தின் ஆய்வாளர்களான ஆண்ட்ரூஸ், தேவதத்தா, பாக்ஸ், ராதாகிருஷ்ணா, ராமகிருஷ்ணன், வேலு ஆகியோர் நோயாளிகளின் குடும்பத்தாரைத் தொடர்ந்து பரிசோதித்துப் பார்த்தபோது, நோயாளியை அப்புறப்படுத்திய வீட்டுக்கும், மருந்து கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்ட வீட்டுக்கும், புதிதாக நோய் தொற்றுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்னமேயே தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. மூலையில் போட்ட பாய்க்கும் தனித் தம்ளருக்கும் வைத்திய சாஸ்திரம் தந்திருந்த ஆதரவு அத்துடன் விலகிற்று. பாய் உடனே விலகிவிடவில்லை என்பது வேறு விஷயம்.

இதிலே ஒரு தவறான பாடமும் படிக்கப்பட்டது. நல்ல உணவில்லாமலே குணமடைந்தார்கள் என்பதைக் கொண்டு, உணவு முக்கியமில்லை என்று திட்டம் வகுப்போர் வெகுகாலம் முடிவுகட்டிவிட்டார்கள். நோயாளி குணமாவது ஒரு கேள்வி. அதே பானையில் உண்ணும் தம்பி தங்கைக்கு நோய் வராமலிருப்பது வேறு கேள்வி. ஜார்க்கண்டில், சேத்துப்பட்டு நிலையமும் பங்குகொண்டு நடந்து, 2023-இல் வெளியான ஆராய்ச்சியில், நோயாளியின் வீட்டார்க்கும் மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்ததால் அவர்களிடையே புதிய காசநோய் நூற்றுக்கு 39 குறைந்தது என்று கண்டார்கள். அறுபது வருஷம் தாமதமாகக் கேட்கப்பட்ட கேள்வி அது.

இளம் பிராயத்தாரின் நீண்ட நோய்க்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அது நிகழ்ந்த இடம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்னும் சிற்றூர். 1975-இல் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு முழங்கால் வீங்கிற்று. குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்று வைத்தியர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து முடித்தார்கள். பாலி மர்ரி என்ற தாய், தம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நோயுற்றவர்களைக் குறித்து வைத்துக்கொண்டு சுகாதார இலாகாவிடம் முறையிட்டதன் பின்னரே ஆலன் ஸ்டியர் என்ற வைத்தியர் ஆராயப் புறப்பட்டார். அவர் 1977-இல் விவரித்த 51 பேரில் 39 பேர் குழந்தைகள். உண்ணிகள் பரப்பும் இந்த நோயின் கிருமியை வில்லி பர்க்டார்பர் என்ற விஞ்ஞானி கண்டறிந்த செய்தி வெளியானது 1982-இல். சில வார மருந்தில் பெரும்பாலோர் தேறுகிறார்கள். ஆயினும் சிலருக்குச் சோர்வும் வலியும் மாதக்கணக்கில் நீடிக்க, பார்வைக்கு நன்றாயிருக்கிற பிள்ளை பள்ளிக்குப் போகாமல் பாசாங்கு செய்கிறது என்ற பேச்சு எழுகிறது. தண்டையார்பேட்டையில் சயரோகப் பிள்ளையை எல்லோரும் நம்பினார்கள், அஞ்சினார்கள். லைம் நோய்ப் பிள்ளைக்கு யாரும் அஞ்சவில்லை, நம்பவுமில்லை. இரண்டு பிள்ளைகளும் வகுப்பில் தோழர் வரிசையிலிருந்து விலகிப்போனது மட்டும் ஒன்றே.

சென்னைக்குத் திரும்புவோம். சேத்துப்பட்டில் 1964-இல் மேலும் ஒரு படி ஏறினார்கள்: வாரம் இருமுறை, பணியாளர் கண்முன்னே மருந்து கொடுத்தால் போதும் என்று காட்டினார்கள். நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரும் முறையாக அது உலகமெங்கும் பரவி, 1997 முதல் இந்தியாவின் தேசியத் திட்டமாகவும் அமைந்தது. 2018-இல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் போஷாக்குத் தொகை வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாயிற்று. இன்றைய மருந்து பி.ஏ.எஸ்.போல் குடலைப் புரட்டுவதில்லை. ஓராண்டு ஆறு மாதமாகக் குறைந்துவிட்டது.

ஆனால் கணக்கேட்டில் ஒரு குறை நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. உலகெங்கும் காசநோயாளிகளை 14 வயதுக்கு உட்பட்டோர், 15 வயதும் அதற்கு மேற்பட்டோரும் என்று இரண்டே பத்தியில் எழுதிவந்தார்கள். பதினாறு வயதுப் பெண் பள்ளிக்கூடத்தில் குழந்தை, மருந்துப் பதிவேட்டில் நாற்பது வயதுத் துறைமுகத் தொழிலாளியோடு ஒரே பத்தி. அவளுக்கு ஆறு மாதம் என்பது கல்வியாண்டில் பாதி. ஆகஸ்டில் கொருக்குப்பேட்டையிலோ காசிமேட்டிலோ மாத்திரை தொடங்குகிற பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்குச் சிகிச்சை முடிவது பிப்ரவரியில், பொதுத்தேர்வு மார்ச்சில். ஆகவே அவளுடைய வருகைப் பதிவேட்டை வைத்திருக்கும் ஆசிரியையும், சிகிச்சை அட்டையை வைத்திருக்கும் பணியாளரும், ஆகஸ்டிலேயே ஒருமுறை உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது.