ஆடாதே... அசையாதே!

நீலகிரியில், கூடலூரை ஒட்டி ஓவேலி என்று ஒரு பேரூராட்சி இருக்கிறது. எல்லமலை, பெரியசோலை, ஆரோட்டுப்பாறை என மலைச்சரிவில் சிதறிக்கிடக்கும் பல குடியிருப்புகளுக்கும் சேர்த்து ஒரே பெயர். அதில் வரும் 'ஓ' என்னவென்று என்றைக்காவது யோசித்ததுண்டா? 'வேலி'யை வைத்து அது தமிழ்ப் பெயர் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள்! 1840-களில் இங்கே காட்டை அழித்துக் காப்பித் தோட்டம் போட்ட ஜேம்ஸ் ஆக்டர்லோனி என்கிற வெள்ளைக்காரருடைய பெயரின் முதல் எழுத்து அது. 'ஆக்டர்லோனி வேலி' - அதாவது பள்ளத்தாக்கு - என்று முழுசாகச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 'ஓ வேலி' என்று சுருக்கினார்கள். நாம் ஒட்டி எழுதித் தமிழாக்கிவிட்டோம்.

காப்பி போய்த் தேயிலை வந்தது. வெள்ளைக்காரரும் போனார். ஆனால் அவர்கள் காலத்தில் வந்த இன்னொரு சாமான் மட்டும் கெட்டியாக நின்றுவிட்டது. பள்ளிக்கூட பெஞ்ச்!

2025 ஜூலையில் தமிழ்நாடு முழுக்க இந்த பெஞ்சைப் பற்றித்தான் பேச்சு. 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேரளப் பள்ளிகள் சில, 'கடைசி பெஞ்ச்' என்பதே இல்லாமல் இருக்கைகளை மாற்றிப் போட்டன. நம் பள்ளிக் கல்வித் துறையும் 'ப' வடிவில் உட்கார வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. கழுத்து வலிக்கும், கண் கெடும், அறையில் இடம் ஏது என்று நாலா பக்கமும் கண்டனம். சில நாட்களிலேயே ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. பெஞ்சை எப்படித் திருப்பிப் போடுவது என்று அத்தனை பேர் சண்டை போட்டோமே... உட்காரவே முடியாத பிள்ளையைப் பற்றி யாராவது பேசினோமா?

எல்லா வகுப்பிலும் அப்படி ஒருத்தன் உண்டு. (பெண்களிலும் உண்டு. அவர்கள் ஓடாமல் ஜன்னல் வழியாகக் கனவு காண்பதால் பல நேரம் நம் கண்ணில் படுவதில்லை.) ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓரிடத்தில் தரிக்க மாட்டான். காலை ஆட்டுவான், பென்சிலைக் கடிப்பான், எழுந்து நிற்பான். இன்றைக்கு அதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது - கவனக்குறைவும் மிகைத்துடிப்பும். எழுத்துகள் குழம்புவதற்கு டிஸ்லெக்ஸியா. அன்றைக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: 'உருப்படாதவன்'.

பெஞ்ச் எங்கிருந்து வந்தது? கதை சென்னையில் ஆரம்பிக்கிறது. 1789. எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற பையன்களுக்காக நடந்த விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்கிறார் ஸ்காட்லாந்துக்காரரான பாதிரியார் ஆண்ட்ரூ பெல். ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். காகிதச் செலவு இல்லை, மைச் செலவு இல்லை. பெல்லுக்கு உடனே பொறி தட்டுகிறது! தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொல்கிறார். ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். 'நீங்கள் வேண்டாம் போங்கள்' என்று ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனைச் சின்னவர்களுக்கு வாத்தியாராக்கிவிட்டார் பெல். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறைதான் அது! 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். உலகம் அதை 'மெட்ராஸ் முறை' என்று கொண்டாடியது.

அடுத்த ஆண்டு லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்குகிறார். ஏறக்குறைய அதே முறை. ஆனால், அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே பெரிய கூடத்தில்! ஒரே வாத்தியார் ஆயிரம் பேருக்குப் பாடம் நடத்தலாம் என்பது லங்காஸ்டரின் கணக்கு. ஆயிரம் பேரை எப்படி மேய்ப்பது? வரிசை வரிசையாக நீண்ட பெஞ்சுகள், முன்னால் மேஜைகள், வரிசைக்கொரு சட்டாம்பிள்ளை. எவன் இடம் மாறினாலும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். முன்வரிசை மேஜைகளில் மணல் இருந்தது. அதாவது, சென்னைத் தெருவிலிருந்து போன மணல், லண்டனில் பெஞ்சோடு கல்யாணம் பண்ணிக்கொண்டது. பிற்பாடு பெஞ்ச் மட்டும் கப்பலேறி இங்கே வந்தது, மணலை அங்கேயே விட்டுவிட்டு!

பெஞ்சை வடிவமைத்தவர்கள் பிள்ளையின் முதுகை அளக்கவில்லை, தலையை எண்ணினார்கள். அசைகிற பிள்ளை அந்த ஏற்பாட்டில் கணக்குத் தப்பியவன். லங்காஸ்டர் அடிக்கு எதிரானவர்தான். ஆனால் குறும்பு செய்தவனைக் கூடையில் போட்டுக் கூரையில் தொங்கவிடுகிற தண்டனை அவர் பள்ளியில் இருந்தது. நம் திண்ணைப் பள்ளி மட்டும் சொர்க்கமா என்ன? அங்கேயும் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' உண்டு. திண்ணையேறவே அனுமதி இல்லாத சாதிப் பிள்ளைகள் வேறு. பழசு என்பதற்காகப் பூரித்துப்போக வேண்டாம்.

நூறு வருஷம் கழித்துத்தான் பெஞ்ச் மீது சந்தேகம் வருகிறது. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி, சிகாகோவில் தன் பள்ளிக்காக மேஜை நாற்காலி தேடிக் கடை கடையாக அலைந்தார். கேட்டது கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர்தான் உடைத்துச் சொன்னார்: பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேஜை உங்களுக்கு வேண்டும், எங்களிடம் இருப்பதெல்லாம் கேட்டுக்கொண்டு உட்காருவதற்கான மேஜை என்று. 1899-ல் டூயி இதைச் சொற்பொழிவிலேயே சொன்னார். பேராசிரியருக்கே பாடம் எடுத்த அந்தக் கடைக்காரரின் பெயர் தெரிந்தால் சிலை வைக்கலாம்!

இத்தாலியில் மரியா மாண்டிசோரி. டாக்டருக்குப் படித்த இந்தப் பெண்மணி முதலில் வேலை செய்தது, 'மூளை வளராதவர்கள்' என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு. அவர்கள் கைக்குப் பொருள்களைக் கொடுத்தார், நடமாட விட்டார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையிலேயே தேறினார்கள். எல்லோரும் அசந்து நிற்க, மாண்டிசோரிக்கோ வேறு கவலை: அப்படியானால் சாதாரணக் குழந்தைகளைப் பள்ளிக்கூடங்கள் என்ன பாடு படுத்துகின்றன? 1907-ல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோது, அசையாத பெஞ்சுகளுக்கு அங்கே இடமில்லை. குழந்தையே தூக்கிக்கொண்டு போகிற எடையில் குட்டி நாற்காலிகள். நாற்காலி விழுந்து சத்தம் போட்டால்? போடட்டும். தன் கை கால் எங்கே இடித்தது என்று குழந்தைக்கு அந்தச் சத்தமே சொல்லிக்கொடுக்கும் என்றார்.

அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்தார். இரண்டாம் உலகப்போரில் இத்தாலி எதிரி நாடானதால் ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். ஆனால் அந்தக் குட்டி நாற்காலி பெரும்பாலும் காசுள்ள வீட்டுக் குழந்தைகளுக்குத்தான் வாய்த்தது.

ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறைகளில் பெரிய மாற்றம் 2003-ல் வந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியினர் உருவாக்கிய முறையைத் தழுவி, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பெஞ்ச் வெளியே போனது. தரையில் பாய். சுவரின் அடிப்பகுதியில், குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. தட்டுகளில் அட்டைகள். எழுந்து போய் அட்டையை எடுத்து வருவதும், குழு மாறி உட்காருவதும் பாடத்திலேயே சேர்த்தி. டீச்சரும் கீழேதான். நடந்தால் குற்றம் இல்லை என்ற வகுப்பறையில் நம் துறுதுறுப் பையனுக்கு முதல்முறையாகச் சட்டபூர்வமான நடமாட்டம் கிடைத்தது! சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இது போனது. குறைகளும் இருந்தன, பிறகு திட்டம் மாறி, 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அது வேறு கதை.

நம் விஷயம் பாய். சென்னைக்குப் பாய் சுகம். ஓவேலிக்கு? தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற ஆடி மாசத்தில், நனைந்த சட்டையோடு வந்த பிள்ளையை மலைப்பிரதேசத்துச் சிமென்ட் தரையில் உட்கார வைத்தால் எங்கே நிற்கும் கவனம்? லண்டனிலிருந்து வந்த பெஞ்ச் எல்லா ஊருக்கும் ஒன்று. சென்னையிலிருந்து வந்த பாயும் எல்லா ஊருக்கும் ஒன்று. 'ப'வும் அப்படித்தான் வந்தது.

ஓவேலிப் பிள்ளையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அப்பா அம்மா தோட்டத் தொழிலாளிகளாக இருக்கலாம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பமாக இருக்கலாம். பணியர் வீட்டுப் பிள்ளை என்றால் வீட்டில் பேசுவது ஒரு மொழி, பாடப்புத்தகம் இன்னொரு மொழி. யானை நடமாடும் ஊர் இது. ராத்திரி வாசலில் யானை நின்றால் வீடே தூங்காது. மறுநாள் வகுப்பில் அவன் கொட்டாவி விட்டால், அது கவனக்குறைபாடா, தூக்கக்குறைபாடா? முதலில் கண், காது, சாப்பாடு, தூக்கம் நான்கையும் பார்க்க வேண்டும். டாக்டர் சொன்ன பிறகுதான் பெயர் சூட்ட வேண்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மிகைத்துடிப்பு அதில் தனியாக இல்லை.

உண்மையிலேயே அந்தத் துடிப்பு உள்ளவனை அடக்கி உட்கார வைத்தால் படிப்பானா? 2015-ல் அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 முதல் 12 வயதுப் பையன்களிடம் சோதித்தார்கள். எண்களையும் ஓர் எழுத்தையும் கலைத்துக் காட்டி, மனசிலேயே வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும். மிகைத்துடிப்புள்ள பையன்கள் அதிகம் அசைந்தபோது நன்றாகச் சொன்னார்கள்! மற்றப் பையன்களுக்கு நேர்மாறு: அசைந்தால் சறுக்கினார்கள். ஆக, 'ஆடாதே' என்று அதட்டும்போது ஒருத்தனுக்கு நல்லது செய்கிறோம். பக்கத்தில் இருப்பவனின் மூளைக்குப் பிரேக் போடுகிறோம்.

அதனால்தான் ஆடுகிற முக்காலி, நின்றபடி எழுதும் மேஜை, நாற்காலியின் முன்கால்களுக்கு நடுவே கட்டிய ரப்பர் பட்டை (காலால் சத்தமில்லாமல் உதைத்துக்கொண்டே இருக்கலாம்) எல்லாம் வந்திருக்கின்றன. பெரிய பந்தின்மேல் உட்கார வைத்தும் பார்த்தார்கள். சிலருக்குப் பலன், சிலருக்கு இல்லை. மேஜையும் நாற்காலியும் மருந்தல்ல. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு முக்காலி எழுத்தைக் கற்றுத்தராது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிகளில் அடிக்கடி என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுதச் சொல்கிறார்கள். ஆண்ட்ரூ பெல் பார்த்தால் சிரிப்பார்!

ரப்பர் பட்டைக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும். கால் தொங்குகிற பிள்ளைக்கு ஒரு பலகைத் துண்டு போதும். முக்காலிக்கு? ஓவேலியைச் சுற்றிலும் உன்னிச்செடி காடாக மண்டிக்கிடக்கிறது. வெள்ளைக்காரர்கள் தோட்ட அழகுக்குக் கொண்டுவந்து, காட்டையே விழுங்கிவிட்ட செடி. அதன் தண்டை வேகவைத்துப் பட்டையை உரித்தால் பிரம்பு மாதிரி வளையும். கரையான் அவ்வளவாகத் தொடாது. கர்நாடக எல்லையில் மாதேஸ்வரன் மலைப் பழங்குடிகள் அதில் நாற்காலி செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைகள் அதே குச்சியில் நிஜ யானை அளவுக்கே யானைகளை உருவாக்கின. 2021-ல் அந்த யானைக் கூட்டம் லண்டனுக்கே போய்ப் பூங்காக்களில் நின்றது. யானையையே முடைந்தவர்களிடம் மூன்று உயரத்தில் முக்காலி கேட்டால் செய்ய மாட்டார்களா? அளவு எடுக்க அந்தத் துறுதுறுப் பையனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். அளவு எடுத்து முடிகிறவரை அவன் நிற்பானா என்பதுதான் பிரச்னை!