புதாறு கொண்டுவந்த முறைக்காய்ச்சல்

நெல்வயல் இருந்தால் மலேரியா வரும் என்று யார் சொன்னாலும் பட்டுக்கோட்டைக்காரனான நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கல்லணைக்குக் கீழே பழைய காவிரிப் பாசனத்தில் எத்தனையோ நூற்றாண்டுகளாக நெல் விளைகிறது. கும்பகோணத்தில் யானைக்கால் நோய் இருந்தது. அது சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவால் வந்தது. ஆனால் மலேரியா என்கிற முறைக்காய்ச்சல் அங்கே பெருந்தொல்லையாக இருந்ததில்லை. எங்கள் பக்கத்தை அது பிடித்தது 1934-க்குப் பிறகு.

அந்த ஆண்டு மேட்டூர் அணை முடிந்தது. கல்லணையில் பிரியும் புதாறு என்ற கால்வாய், ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டைச் செம்மண் மேட்டுக்குக் காவிரியைக் கொண்டுவந்தது. வானம் பார்த்த பூமி நஞ்சை ஆயிற்று. தண்ணீர் வர வழி செய்தவர்கள் வடிய வழி செய்யவில்லை. கரைக்கு மண் வெட்டிய பள்ளங்களில் நீர் தேங்கியது; மதகடியில் கசிந்தது; தரிசிலும் பாய்ந்து நின்றது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளமெல்லாம் ததும்பியது.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் இங்கே தம் குழுவோடு ஆராய்ந்தார். நோயைப் பரப்பியது அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசு. அது நீர்மேல் பறந்தபடியே முட்டையிடும். நடவு நட்ட புதிதில் வயலில் அதற்கு இடம் உண்டு. பயிர் ஓரடி வளர்ந்துவிட்டால் தாள்கள் நெருங்கி மறிக்கும். கொசு வேறு நீர் தேடும். அந்த நீரைப் பள்ளமும் கசிவும் கொடுத்தன. குறையும் ஒழுங்கீனமுமான பாசனத்தால் வரும் மலேரியா பற்றியே 1938-இல் ரஸ்ஸல் ஒரு கட்டுரை எழுதினார்.

பின்னாளில் சுகாதார ஆய்வாளராக அகப்பையும் கையுமாக நானும் அதே கரைகளில் நடந்தேன். நடு வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரை மொண்டால் கொசுப்புழு அகப்படுவது அரிது. மதகுக்குக் கீழே, வெயில் விழும் தெளிந்த குட்டையில் மொண்டால் அகப்படும். கியூலெக்ஸ் புழு தலைகீழாகத் தொங்கும். அனாஃபிலிஸ் புழு நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும்.

காய்ச்சலின் பாரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. நடவு நாளில் குளிர்கண்டு படுத்த கூலியாளுக்கு அன்றைய கூலி போயிற்று. அவர் குடிசையின் இருண்ட மண்சுவர் கொசுவுக்கு ஒதுங்குமிடமாயிற்று. 1930-களின் கடைசியில் பட்டுக்கோட்டைக் கிராமங்களில் வீட்டுக்குள் பைரித்ரம் என்ற பூச்சிமருந்தைத் தெளித்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது, ஆனால் அடிக்கடி தெளிக்க வேண்டியிருந்தது. பிறகு டிடிடி வந்தது. 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. காய்ச்சல் தணிந்தது.

இப்போது டெங்கு. குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில் மக்கள் டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள். மூடாத டிரம்மில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுகிறது. அவர்களுக்கு அபராதம் போட்டுப் பயனில்லை, குழாயில் நாள்தோறும் தண்ணீர் விட வேண்டும். பாசனத்துக்கும் இதே நியாயம்தான். வாய்க்காலுக்கு மதிப்பீடு போடும் அன்றே வடிகாலுக்கும் போட வேண்டும். அதைத் தூர்வாரும் செலவையும் சேர்த்து.