பாலங்களின் அதிர்வுச் சோதனை

ஒரு பாலம் இயல்பாக எத்தனை ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்று அளந்து, அதிலிருந்து அதன் நலத்தை மதிப்பிடும் முறை. விறைப்பு குறைந்தால் இயல் அதிர்வெண்ணும் குறையும் என்பதே அடிப்படை. பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் செய்வதும் இதைத்தான்.

பாலத்தின் அதிர்வு முதலில் அச்சமாகவே அறிமுகமானது. 1831இல் மான்செஸ்டர் அருகே பிராட்டன் தொங்குபாலம் சிப்பாய்களின் சீர்நடையில் முறிந்தது. பாலங்களில் நடை கலைத்துச் செல்லுமாறு பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவிட்டது. முறையான அளவீடு 1930களில், சான் பிரான்சிஸ்கோவின் புதிய பாலங்களில் நிலநடுக்க ஆய்வாளர் கார்டர் எடுத்த பதிவுகளில் காணப்படுகிறது. அங்கே கவலை நிலநடுக்கம். 1940இல் அமெரிக்காவின் டகோமா தொங்குபாலம் காற்றில் விழுந்தபோது பொறியியல் பேராசிரியர் ஃபார்குவர்சன் அதை ஏற்கெனவே அளந்துகொண்டிருந்தார். (அதை வீழ்த்தியது வெறும் ஒத்ததிர்வு அல்ல, காற்று வளர்த்துவிட்ட முறுக்கசைவு; பல பாடநூல்கள் இன்னும் திருந்தவில்லை.)

சேதத்தை அதிர்வே காட்டிக்கொடுக்குமா என்ற கேள்விக்கு 1993இல் அமெரிக்காவின் அல்புகர்க்கியில் ஒரு விடை கிடைத்தது. இடிக்கவிருந்த ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தின் எஃகு உத்தரத்தை லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வக ஆய்வாளர்கள் கட்டங்கட்டமாக அறுத்தார்கள். அறுக்கும் முன் முதல் (மிகக் குறைந்த) இயல் அதிர்வெண் 2.48 ஹெர்ட்ஸ். முதல் இரண்டு வெட்டுகளுக்குப் பின் அது 2.52 ஆனது, அதாவது கூடியது! அடித்தகட்டில் பாதி போன பின்பும் 2.46. தகடு முழுதும் அறுபட்ட பிறகே 2.30க்கு இறங்கியது. இந்த முடிவு அதிர்வு முறையின் பெருமையைக் குறைத்தது. ஆனால் முறையின் எல்லையைக் காட்டி, துறைக்கு நல்லதே செய்தது.

அடுத்தது சுவிட்சர்லாந்தின் இசட்-24. 1997 நவம்பரிலிருந்து ஏறத்தாழ பத்து மாதம் வெப்பநிலையோடு சேர்த்துக் கண்காணிக்கப்பட்ட கான்கிரீட் பாலம் இது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனதும் மேல்தளத்துத் தார் இறுகி, அதிர்வெண் ஏறியது. பருவத்தால் மட்டுமே பத்து சதவீதத்துக்கும் மேல் மாற்றம். பின்னர் ஒரு தூணை 95 மி.மீ. வரை தாழ்த்தியும், இழுகம்பிகளை அறுத்தும் சேதம் உண்டாக்கினார்கள். வானிலையின் பங்கைக் கழிக்காத அளவை அப்படியே நம்ப முடியாது என்பது அங்கே தெளிவானது. அந்தத் தரவுகளில்தான் இன்றும் புதிய கணிப்பு முறைகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

நடைமுறையில் இம்முறை நன்றாகக் கைகொடுப்பது தூண்களின் அடித்தளத்தைச் சோதிப்பதில். ஜப்பானிய ரயில்வேயில் 30 கிலோ எடையைத் தூணின் மேற்பகுதியில் மோதவிட்டு அதிர்வெண் எடுக்கிறார்கள். வெள்ளம் அடிமண்ணை அரித்திருந்தால், அதே தூணின் பழைய அளவைவிட அதிர்வெண் தாழ்ந்திருக்கும்.