பொடுகு: குற்றவாளியைப் பிடிக்க நூறு ஆண்டு!

தலையில் பொடுகு வந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் முதலில் கேட்கும் வார்த்தை, "தலை காய்ஞ்சு போச்சு, நல்லா எண்ணெய் வை" என்பதுதான். வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்வதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பொடுகு ஆராய்ச்சியின் வரலாற்றைப் பார்த்தால், இந்த அறிவுரை பாதிதான் சரி என்பது தெரியவரும்.

1874-ல் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த லூயி சார்ல் மலாசே, தலையிலிருந்து உதிர்ந்த செதில்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதில் மொட்டு விடும் சிறு சிறு செல்கள் இருந்தன. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் போல இதுவும் ஒரு செல் பூஞ்சை. முந்தைய ஆண்டே இத்தாலியைச் சேர்ந்த ரிவோல்டா, சொரியாசிஸ் நோயாளி ஒருவரின் தோலில் இதுபோன்ற செல்களைக் கண்டிருந்தார். 1889-ல் மலாசேயின் நினைவாக இந்தப் பூஞ்சைக்கு 'மலசீசியா' என்று பெயர் வைக்கப்பட்டது.

குற்றவாளி கிடைத்தாயிற்று என்று பார்த்தால், ஒரு சிக்கல். ஆய்வுக்கூடத்தில் இதை வளர்ப்பது பெரும் பாடாக இருந்தது. 1927-ல் கல்கத்தாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் கணபதி பாஞ்சா இதை வளர்த்துக் காட்டினார். 1939-ல் அமெரிக்காவின் ரோடா பென்ஹாம், இது வளரக் கொழுப்பு தேவை என்று நிரூபித்தார். ஆய்வுக்கூடங்களில் இதை வளர்க்க ஆலிவ் எண்ணெய் சேர்க்கும் வழக்கம் இன்றும் உண்டு. அதாவது, இந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடே எண்ணெய்தான்!

அடுத்த சிக்கல், பொடுகே இல்லாதவர்களின் தலையிலும் இந்தப் பூஞ்சை இருந்தது. அப்படியானால் இதை எப்படிக் குற்றம் சொல்வது? 1976-ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர், பொடுகுக்குப் பூஞ்சை காரணமல்ல, தோல் வேகமாக உரிவதே மூல காரணம், செதில் கூடுவதால்தான் பூஞ்சையும் பெருகுகிறது என்றார்கள். 1961-லேயே ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் ஷாம்பு சிங்க் பைரிதியோன் என்ற மருந்துடன் கடைக்கு வந்திருந்தது. மருந்து வேலை செய்தது. ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் சண்டை!

1984-ல் இங்கிலாந்தின் சாம் ஷஸ்டர் இந்தச் சண்டையைத் திருப்பிப் போட்டார். சிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு, கீட்டோகொனசோல் ஆகியவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேதிப்பொருள்கள். ஆனால் எல்லாமே பூஞ்சையைக் கட்டுப்படுத்துபவை. எல்லாமே பொடுகைக் குறைப்பவை. ஆகவே மலாசே கண்டதுதான் காரணம் என்று அவர் வாதிட்டார். 2007-ல் மலசீசியா குளோபோசாவின் மரபணுத் தொகுப்பு முழுவதும் படிக்கப்பட்டபோது, கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் மரபணு அதற்கு இல்லை என்பது தெரிந்தது. அது தலைத்தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துத் தின்கிறது. மிச்சமாகும் ஓலிக் அமிலம் சிலருடைய தோலை உறுத்துகிறது. அவர்களுக்குத்தான் தோல் வேகமாக உரிகிறது. எல்லோர் தலையிலும் பூஞ்சை இருந்தும் சிலருக்கு மட்டும் பொடுகு வருவதன் ரகசியம் இதுதான்.

இந்த வரலாறு வீட்டு வைத்தியத்துக்கும் பாடம் சொல்கிறது. எண்ணெய் செதிலை ஊற வைத்து இளக்கும். அந்த அளவில் அது நல்லதே. எண்ணெய்க் குளியலில் சிறிது நேரம் ஊறிய பிறகு சீயக்காய் போட்டு எண்ணெய் போகத் தேய்த்துக் குளிப்பார்கள். எண்ணெயை நாள்கணக்கில் தலையிலேயே விட்டுவைத்தால் அது பூஞ்சைக்கு விருந்தாகிவிடும். எலுமிச்சைச் சாறு, புண்பட்ட தோலில் எரிச்சலைக் கூட்டலாம்.

மருந்து கலந்த ஷாம்புவைப் போட்ட உடனே அலசிவிடாமல், மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊற விட வேண்டும். வாரம் இரண்டு முறை, சில வாரங்களுக்குப் பயன்படுத்தினால் பலன் தெரியும். பூஞ்சை தலையில் நிரந்தரக் குடியிருப்பு என்பதால், நிறுத்தினால் பொடுகு திரும்பவும் வரலாம். தலைத்தோல் சிவந்து நீர் கசிந்தாலோ, திட்டுத் திட்டாக முடி கொட்டினாலோ அது வேறு நோயாக இருக்கலாம்; தோல் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.